குமிழி நடுவில்தான் இருக்கிறது, ஆனாலும் மட்டம் தப்புகிறதே?

கேள்வி: சார், டிப்ளமோ சிவில் முடித்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்கிறேன். போன மாதம் பழைய ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) ஒன்று வாங்கினேன். 60 மீட்டர் நீளமுள்ள நெல் குடோனுக்குப் பிளிந்த் பீம் மட்டம் அதை வைத்துத்தான் குறித்தேன். வெயிலுக்காக ஒரு மூலைக்குப் பக்கத்தில் இருந்த புங்கமரத்து நிழலில் லெவலை வைத்து, எல்லா மூலையையும் அங்கிருந்தே படித்தேன். மேஸ்திரி டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பார்த்துவிட்டு, தூரத்து மூலை 18 மில்லிமீட்டர் ஏற்றமாக இருக்கிறது என்கிறார். ஆரம்பப் புள்ளியைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. குமிழியும் நடுவில்தான் இருந்தது. அடுத்த வாரம் கான்கிரீட். யார் சொல்வது சரி? லெவலை நானே திறந்து சரிசெய்யலாமா? மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? இதை விற்றுவிட்டு லேசர் லெவல் வாங்கிவிடலாமா?

பதில்:

தம்பி, மேஸ்திரி சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை நீங்களே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அதைப் பார்க்காமல் கான்கிரீட் போடாதீர்கள். லெவலைப் புங்கமரத்தடியிலிருந்து எடுத்து, அந்த நீளச் சுவரின் இரண்டு மூலைகளுக்கும் சம தூரத்தில் வையுங்கள். சரியாகக் கோட்டின் மேல்தான் வைக்க வேண்டும் என்று இல்லை, நடுவில் ஜல்லி, கம்பி எல்லாம் கிடந்தால் பக்கவாட்டில் தள்ளி நின்றுகொள்ளலாம், இரண்டு மூலைக்கும் தூரம் ஒன்றாக இருந்தால் போதும். இரண்டு மூலையிலும் உங்கள் குறியின் மேல் ஸ்டாஃபை, அதாவது அளவுக் கோலை, வைத்துப் படியுங்கள். ரீடிங் ஒன்றாக இருந்தால் டியூப்பில்தான் கோளாறு. தூரத்து மூலையில் 18 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டினால், அந்தக் குறி உண்மையிலேயே ஏற்றம், உங்கள் லெவலின் பார்வைக்கோடு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சென்ட்ரிங் பலகையில் குறியை மாற்றுவது அரை மணி வேலை, பீம் போட்டபிறகு என்றால் அது பெரிய தலைவலி.

நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. கிட்டத்து மூலை ஒரு 5 மீட்டர், தூரத்து மூலை ஒரு 65 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லெவலின் பார்வைக்கோடு மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், கிட்டத்து ஸ்டாஃபில் 1.5 மில்லிமீட்டர் கூடுதலாகப் படிக்கும், தூரத்து ஸ்டாஃபில் 19.5 மில்லிமீட்டர் கூடுதலாகப் படிக்கும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? தூரத்து மூலையில் ரீடிங் அதிகமாகத் தெரிகிறதே, இடம் தாழ்வாக இருக்கிறது போலிருக்கிறது என்று, ரீடிங் ஒன்றாக வரும்வரை ஸ்டாஃபை மேலே தூக்கி அங்கே குறி போட்டிருப்பீர்கள். குறி 18 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. மேஸ்திரி சொன்ன கணக்கும் அதேதான். சிலர் இதற்குப் பூமியின் வளைவைக் காரணம் சொல்வார்கள், 65 மீட்டரில் அது அரை மில்லிமீட்டரைத் தாண்டாது, நம் வேலைக்கு அதை மறந்துவிடலாம்.

ஆரம்பப் புள்ளியைத் திரும்பப் படித்தேன், மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். லெவலை நகர்த்தாமல் அதே புள்ளியைத் திரும்பப் படித்தால் அதே தூரம், அதே சாய்வு, அதே பிழை, அதனால் அதே எண்தான் வரும். அந்தச் சோதனை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறது: இடையில் ட்ரைபாட் இறங்கவில்லை, யாரும் காலில் இடிக்கவில்லை. அது தேவையான சோதனைதான், விடாமல் செய்யுங்கள், ஆனால் பார்வைக்கோடு சரியா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பேக் சைட்டையும் (லெவலை வைத்ததும் உயரம் தெரிந்த புள்ளியில் எடுக்கும் முதல் ரீடிங்) ஃபோர் சைட்டையும் (லெவலை நகர்த்துமுன் எடுக்கும் கடைசி ரீடிங்) கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்குச் சோதனையும் அப்படியே, புத்தகத்தில் கூட்டல் தப்பில்லை என்று மட்டும்தான் அது சொல்லும்.

குமிழி விஷயத்துக்கு வருவோம். பழைய டம்பி லெவலில் நீளக் குமிழி இருக்கும், ஒவ்வொரு ரீடிங்குக்கும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், அதனால் ஆட்களுக்கு ஒரு பயம் இருந்தது. 1950இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் என்ஐ2 என்ற லெவலைக் கொண்டுவந்தது, காம்பென்சேட்டர் வைத்த லெவல்கள் பரவியது அதிலிருந்துதான். குழாய்க்குள் மெல்லிய கம்பிகளில் ஒரு சின்னப் பிரிசம் தொங்குகிறது, அதுதான் காம்பென்சேட்டர், லெவல் லேசாகச் சாய்ந்திருந்தாலும் அது தன் எடையால் ஆடி நின்று பார்வைக்கோட்டைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். எவ்வளவு சாய்வு வரை? பெரும்பாலான மாடல்களில் 15 நிமிடக் கோணம், அதாவது கால் டிகிரி. மேலே இருக்கிற வட்டக் குமிழியின் வேலை, லெவலை அந்தக் கால் டிகிரிக்குள் கொண்டுவந்து நிறுத்துவது, அவ்வளவுதான். அதற்குமேல் மட்டத்தைத் தீர்மானிப்பது காம்பென்சேட்டரும், குழாய்க்குள் தெரியும் குறுக்கு இழை (ரீடிங் படிக்கும் கோடு) அதன் இடத்தில் இருக்கிறதா என்பதும். ஒரு பஸ் பயணத்தில் இழை ஒரு முடியளவு நகர்ந்திருந்தாலும் குமிழி நடுவில் அழகாக நின்றுகொண்டுதான் இருக்கும்.

அதனால் பழைய லெவல் வாங்கினால் முதல் வேலை இரண்டு முளைச் சோதனை. பாலிடெக்னிக்கில் படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு எழுதியதோடு விட்டிருப்பீர்கள். சமமான ஒரு இடத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள், முதல் முளை, இரண்டாம் முளை என்று வைத்துக்கொள்வோம். முளைத் தலையில் ஒரு ஆணி அடித்து அதன்மேல்தான் ஸ்டாஃப் நிற்க வேண்டும். முதலில் லெவலை நட்டநடுவில், இரண்டுக்கும் 25 மீட்டரில் வையுங்கள். தூரத்துக்கு டேப்கூட வேண்டாம், குழாய்க்குள் நடு இழைக்கு மேலும் கீழும் இரண்டு சின்ன இழை தெரியும், மேல் இழை ரீடிங்கிலிருந்து கீழ் இழை ரீடிங்கைக் கழித்து 100ஆல் பெருக்கினால் தூரம் வந்துவிடும், 0.250 வித்தியாசம் என்றால் 25 மீட்டர்.

முதல் முளையில் 1.432, இரண்டாம் முளையில் 1.287 படிக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.145, இரண்டாம் முளை அவ்வளவு உயரம். லெவலில் எவ்வளவு சாய்வு இருந்தாலும் இந்த வித்தியாசம் உண்மையானது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே தூரம், இரண்டு பக்கமும் ஒரே அளவு பிழை, கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. அப்புறம் லெவலைத் தூக்கி, முதல் முளைக்கு வெளிப்பக்கமாக 2 மீட்டர் தள்ளி, அதே கோட்டில் வையுங்கள். அதைவிடக் கிட்டே போனால் சில மாடல்களில் ஃபோகஸ் ஆகாது. இப்போது முதல் முளையில் 1.511 என்றால் இரண்டாம் முளையில் 1.366 வர வேண்டும். 1.381 வந்தால்? 50 மீட்டருக்கு 15 மில்லிமீட்டர் கூடுதல், மீட்டருக்கு 0.3. உங்கள் குடோன் கணக்கும் இதே விகிதம்தான், அதனால்தான் இந்த எண்களையே எடுத்துக்கொண்டேன்.

எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றால், 50 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்குள் வந்தால் நான் இழையைத் தொடவே மாட்டேன். அந்தத் தூரத்தில் நாம் கண்ணால் மதிப்பிட்டுப் படிப்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கும், அதைப் போய்த் திருத்த முயன்றால் இருப்பதும் கெட்டுவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் திருத்தியே ஆக வேண்டும். இடையில் இருந்தால் தூரத்தைச் சமமாக வைத்து வேலையை ஓட்டலாம்.

நானே திறக்கலாமா என்ற கேள்விக்கு, ஒரு திருகு வரை ஆமாம், அதற்கு உள்ளே கூடாது. கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில், ஐபீஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், சிலவற்றில் அதைத் திருகிக் கழற்ற வேண்டும், சிலவற்றில் ரப்பர் அடைப்பு. உள்ளே ஒரு திருகு, ஊசி மாதிரிக் கம்பியாலோ ஆலன் கீயாலோ திருப்புவது. அதுதான் குறுக்கு இழையை மேலும் கீழும் நகர்த்துகிறது. லெவல் முதல் முளைக்குப் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டாம் முளையின் ஸ்டாஃபைப் பார்த்துக்கொண்டு திருப்ப வேண்டும். சரியான இலக்கு 1.366 இல்லை, முதல் முளையின் ரீடிங்கிலும் அரை மில்லிமீட்டர் பிழை இருக்கிறதல்லவா, ஸ்டாஃப் இருப்பது 52 மீட்டரில், அதனால் 52ஐ 0.3ஆல் பெருக்கி 15.6 மில்லிமீட்டர் குறைத்து 1.3654க்குக் கொண்டுவர வேண்டும். நடைமுறையில் 1.365 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள், எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள், கடைசி அசைவு இறுக்கும் பக்கமாக முடியட்டும், தளர்த்தும் பக்கமாக முடித்தால் மறுநாளே நகர்ந்துவிடும். முடித்துவிட்டு முழுச் சோதனையையும் முதலிலிருந்து இன்னொரு முறை செய்யுங்கள். திருத்திய கையோடு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதே இல்லை.

ஆனால் இழையைத் தொடுவதற்கு முன்னாலேயே காம்பென்சேட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டாஃபைப் பார்த்துக்கொண்டே ட்ரைபாட் காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். இழை துடித்து, உடனே பழைய ரீடிங்குக்கே வந்து நிற்க வேண்டும். அப்புறம் குழாய்க்கு நேர் கீழே இருக்கும் ஃபுட் ஸ்க்ரூவை (லெவலின் அடியில் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரும் திருகு) ஒரு சிறு அளவு திருப்புங்கள், குமிழி வட்டத்தைவிட்டு வெளியே போகாத அளவுக்கு. ரீடிங் ஒரு நொடி மேலேயோ கீழேயோ போய்த் திரும்பி அதே எண்ணில் நிற்க வேண்டும். குமிழியோடு சேர்ந்து ரீடிங்கும் நகர்ந்து அங்கேயே தங்கிவிட்டால், அல்லது தட்டத் தட்ட ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால், காம்பென்சேட்டர் ஒட்டிக்கொள்கிறது. அப்படி இருக்கும் லெவலில் இழையைத் திருத்துவது வீண். அதை நீங்களோ நானோ தொடக்கூடாது, சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். லெவலைக் கையில் எடுத்துச் சாய்க்கும்போது உள்ளே டக் என்று மெல்லிய சத்தம் வருகிறதே என்று பயந்துபோய்க் கேட்பார்கள், அது காம்பென்சேட்டர் தன் தடுப்பில் போய்த் தட்டும் சத்தம், அது வருவதுதான் நல்லது.

வட்டக் குமிழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடுவில் வைத்துவிட்டு லெவலை அரைச்சுற்றுத் திருப்பினால் அப்போதும் நடுவிலேயே நிற்க வேண்டும். ஓடினால், ஓடிய தூரத்தில் பாதியை ஃபுட் ஸ்க்ரூவாலும் மீதிப் பாதியைக் குமிழியின் கீழே இருக்கும் சின்னத் திருகுகளாலும் சரிசெய்யலாம். இது எளிய வேலைதான், தைரியமாகச் செய்யுங்கள்.

இனி வேலை செய்யும் முறை. லெவல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேக் சைட் தூரமும் ஃபோர் சைட் தூரமும் சமமாக இருக்கட்டும். நான் தளத்தில் ஒரே ஒரு விதிதான் வைக்க அனுமதி என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைப்பேன். கட்டடத்துக்கு மூலைக் குறி போடும்போது லெவல் கட்டடத்தின் நடுவில் நிற்கட்டும், நிழல் வேண்டுமென்றால் குடை பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்வை 50, 60 மீட்டரைத் தாண்ட வேண்டாம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் வெக்கையில் ஸ்டாஃபின் எண்களே நெளியும், அதனால் முக்கியமான ரீடிங்குகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பார்வைக்கோடு தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்கு முன்னால் குழாயை வானத்தையோ ஒரு வெள்ளைத் தாளையோ பார்க்கத் திருப்பி, ஐபீஸைத் திருகி, இழை கன்னங்கரேல் என்று தெளிவாகத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். பிறகுதான் ஸ்டாஃபுக்கு ஃபோகஸ். தலையை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஸ்டாஃபின் மேல் இழை நகர்ந்தால் ஃபோகஸ் இன்னும் சரியாகவில்லை. கண்ணாடி போடுகிறவரும் போடாதவரும் மாற்றி மாற்றிப் பார்க்கும் தளங்களில் இது சத்தமில்லாமல் பல மில்லிமீட்டரைத் தின்றுவிடும். மூன்று இழையையும் படித்து எழுதுவது நல்லது, மேலதையும் கீழதையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு இழை ரீடிங் வர வேண்டும். அவசரத்தில் நடு இழைக்குப் பதிலாக மேல் இழையைப் படித்துவிடும் தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஸ்டாஃப் பிடிப்பவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஸ்டாஃபில் 3 மீட்டர் ரீடிங் படிக்கும்போது அது 3 டிகிரி சாய்ந்திருந்தால் 4 மில்லிமீட்டர் கூடுதலாகப் படிக்கும். ஸ்டாஃபுக்கு ஒரு குமிழி வாங்கி மாட்டுங்கள், இல்லாவிட்டால் பிடிப்பவரை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, தெரிவதிலேயே குறைந்த ரீடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து நீட்டும் அலுமினிய ஸ்டாஃபில் பட்டன் தேய்ந்து, மேல் பகுதி சரியாகப் பூட்டாமல் கீழே இறங்கி நிற்பது உண்டு. வாங்கியவுடன் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் ஸ்டீல் டேப்பை வைத்து ஒரு மீட்டர் ஒரு மீட்டர்தானா என்று பாருங்கள். தஞ்சாவூர்க் களிமண் ஸ்டாஃபின் அடியில் அப்பிக்கொண்டால் ஒரு சென்டிமீட்டர் கூடப் போய்விடும், ஒவ்வொரு புள்ளிக்கும் வழித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். லெவலை இடம் மாற்றும்போது ஸ்டாஃப் நிற்கும் புள்ளி கல்லாகவோ ஆணித் தலையாகவோ இருக்கட்டும், ஈர மண்ணில் ஸ்டாஃபைத் திருப்பி வைக்கும் போதே அது இறங்கிவிடுகிறது. ட்ரைபாட் காலையும் மிதித்து இறக்கி வையுங்கள், கால்களின் மேலே இருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

மழைக்காலம். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை என்றால் காற்றே ஈரம், அதில் லெவலுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி மெல்லிய நூல்கள் படரும், விட்டுவிட்டால் கண்ணாடி மேல் பூசியிருக்கும் பூச்சையே அரித்துத் தடம் போட்டுவிடும், அப்புறம் துடைத்தாலும் போகாது. நனைந்த லெவலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டாமல், காற்றாடும் அறையில் ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் காய வேண்டும், லெவலை மட்டும் துடைத்துவிட்டு ஈர ஸ்பாஞ்சுக்குள் திரும்ப வைப்பதால்தான் பாதி லெவல்கள் கெடுகின்றன. உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றிரண்டு போடுங்கள். நீல மணி என்றால் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகிவிடும், மணிகளைத் தனியே கொட்டிச் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறத்துக்குச் சேர்த்திருப்பது கோபால்ட் உப்பு, அது நல்லதல்ல, அதனால் சமையலுக்குப் புழங்கும் வாணலியில் வறுக்காதீர்கள். வேலையே இல்லாத மாதத்திலும் வாரம் ஒருமுறை லெவலைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள்.

லென்ஸை வேட்டி முனையாலோ சட்டை நுனியாலோ துடைக்கவே கூடாது, சிமெண்ட் தூசி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதும் பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, அப்புறம் லென்ஸ் பேப்பரால் லேசாக. ஃபுட் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் எண்ணெயை விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகி மரையையே தேய்த்துவிடும். பைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவதுதான் காம்பென்சேட்டருக்குச் செய்யும் பெரிய கெடுதல், முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் என்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுத் தெருவிலேயே அசையாத இரண்டு புள்ளிகளைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், ஒரு மதகுக் கட்டையும் எதிர்ப்பக்கம் ஒரு பழைய வீட்டின் கருங்கல் படியும் போதும். இரண்டுக்கும் உள்ள உண்மையான உயர வித்தியாசத்தை நடுவில் நின்று எடுத்து நோட்டில் எழுதிவிட்டால், அடுத்த தடவையிலிருந்து ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் ஒரே ஒருமுறை லெவல் வைத்தாலே சோதனை முடிந்துவிடும். மாதம் ஒருமுறை, கீழே விழுந்தால் அன்றைக்கே, நீண்ட பயணம் போய்வந்தால், பெரிய வேலைக்கு முன்னால் என்று பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். லெவல் மெதுவாக ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போகிறதா என்பதும் அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

லேசர் லெவலுக்காக இதை விற்க வேண்டாம். சுழலும் லேசர் தரை போடும் வேலைக்கு அருமையான சாமான், ஒரே ஆள் வேலை செய்யலாம், ஆனால் வெளிவெயிலில் கற்றை கண்ணுக்குத் தெரியாது, ரிசீவர் தனியாக வேண்டும், முக்கியமாக அதன் கற்றையும் சாயக்கூடியதுதான். அதற்கும் இதே இரண்டு முளைச் சோதனை செய்ய வேண்டும், சாய்ந்திருந்தால் சில மாடல்களில் உங்கள் கையால் திருத்தவும் முடியாது. உங்கள் லெவலின் காம்பென்சேட்டர் நன்றாக இருந்தால், அந்த ஒரு திருகைத் திருத்திவிட்டு இன்னும் பல வருடம் வேலை வாங்கலாம்.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் குடோன் மூலைகளைப் பார்த்துவிடுங்கள், கூடவே மேஸ்திரியையும் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்பில் காற்றுக்குமிழ் இல்லாமல், வெயில் பாதி நிழல் பாதியாகக் கிடக்காமல் பார்த்துப் பிடிக்கிறவர் என்றால் அவர் மட்டம் உங்களுக்கு நல்ல இரண்டாவது சாட்சி. முளைச் சோதனையின் நான்கு ரீடிங்கையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.